குதிக்கச் சொல்லும் முன் ஆழத்தைச் சொல்லுங்கள்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பழைய மகாபலிபுரம் சாலையிலும் அதைப் போன்ற பிற இடங்களிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும், அவர்களின் அழைப்பின் பேரில் ஊழியர்களுக்கு ஊக்கவுரை ஆற்ற வரும் பேச்சாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் என் அக்காள் மகன் வேலை பார்க்கும் நிறுவனத்தில், பணியிட மாற்றங்களை எதிர்கொள்வது குறித்து அரை நாள் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அவன் 14 ஆண்டுகளாக மென்பொருள் சோதனைப் பிரிவில் இருப்பவன். அந்த வேலையில் பெரும்பகுதியை இனி இயந்திரமே செய்துவிடும் என்ற பேச்சு ஓராண்டாகவே அவனுடைய அலுவலகத்தில் உலவுகிறது. வந்திருந்த பேச்சாளர், ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள அச்சத்தை ஒரு சீட்டில் எழுதி, அதைக் கிழித்துப் போடும்படி சொல்லியிருக்கிறார். இவன் ‘வீட்டுக் கடன், மாதம் 41,000’ என்று எழுதினானாம். கைதட்டலுக்கு நடுவே சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வந்தான். ஐந்தாம் தேதி தவணை வழக்கம்போல் அவன் கணக்கிலிருந்து போயிற்று. அதற்கு அடுத்த வாரம் அவனுடைய குழுவில் அவனையும் சேர்த்து 11 பேரைப் பெஞ்சுக்கு, அதாவது கையில் வேலை இல்லாமல் காத்திருக்கும் நிலைக்கு, அனுப்பி, 35 நாளுக்குள் வேறு ப்ராஜெக்ட் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பட்டியல் ஒரே வாரத்தில் போட்டதாக இருக்காது என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் புரியும்.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவன் என்னைக் கேட்ட கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது. “சித்தி, நீங்களும் இப்படித்தானே வகுப்பு எடுத்தீர்கள்?”

ஆமாம், எடுத்தேன். நான் 1981இல் பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பின்னர் அலுவலராகி, 2003 முதல் எட்டு ஆண்டுகள் அவ்வங்கியின் பயிற்சி மையத்தில் பயிற்றுநராக இருந்து, 2017இல் ஓய்வு பெற்றவள். மாற்றத்தை ஏற்கச் சொல்லி மேடையில் பேசுவது எவ்வளவு எளிது என்பதும், பேசுகிறவருக்கு அதில் கிடைக்கும் மனநிறைவு எத்தகையது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இதை வெளியாள் ஒருத்தி சொல்லும் குறையாகக் கொள்ளாமல், அதே தொழிலில் தவறு செய்த ஒருத்தியின் வாக்குமூலமாகக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கும்பகோணத்துக் கிளையில் எல்லாம் கையால் எழுதும் லெட்ஜர், அதாவது பேரேடுதான். சேமிப்புக் கணக்குக்கு அந்தக் காலத்தில் வட்டி கணக்கிட வேண்டுமானால், ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்பைத் தேடி எடுத்து, ஆறு மாதத்துக்குக் கூட்டிப் பெருக்க வேண்டும். இதற்கு ‘ப்ராடக்ட் போடுவது’ என்று பெயர். ஜூனிலும் டிசம்பரிலும் இரவு ஒன்பது மணி வரை ப்ராடக்ட் போடுவோம். பத்துப் பைசா டேலி ஆகாவிட்டால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் கிளையில் மூத்த எழுத்தர் ஒருவர் இருந்தார். ஒரு பக்கம் முழுவதையும் பென்சிலை மேலிருந்து கீழே ஓட்டியே கூட்டிவிடுவார். அவர் கையெழுத்தைப் பார்ப்பதற்காகவே பாஸ்புக்கை நீட்டுகிற வாடிக்கையாளர்கள் இருந்தார்கள் என்று சொன்னால் இப்போது நம்புவது கடினம்.

1988இல் அந்தக் கிளைக்கு, லெட்ஜரில் கையால் எழுதுவதைத் தட்டச்சு செய்து ஏற்றும் லெட்ஜர் போஸ்டிங் இயந்திரங்கள் வந்தன. ஏ.எல்.பி.எம். என்போம். அவை வந்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வங்கிகளில் கணினி நுழைவதற்கு முன்பே, 1983இல், இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. எந்த வேலைக்கு இயந்திரம் வரும், எந்த அளவுக்கு வரும், அதனால் யாருக்கும் வேலை போகாது, இயந்திரத்தில் உட்காருபவருக்குத் தனிப்படி உண்டு என்பதெல்லாம் பேசி முடிவாகியிருந்தது. அதே ஆண்டில்தான் ரிசர்வ் வங்கி, ரங்கராஜன் தலைமையில் வங்கிக் கணினிமயத்துக்கான குழுவையும் அமைத்தது. சங்கங்கள் அப்போது கணினிக்குத் தடை போட்டு நாட்டின் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுத்தன என்று இன்று ஏளனமாகப் பேசுவோர் உண்டு; அந்த ஏளனத்தில் ஓரளவு நியாயமும் உண்டு, ஏனென்றால் கிளைகள் முழுமையாகக் கணினிக்கு மாற மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் என் மேசைக்கு அந்த இயந்திரம் வந்தபோது, அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற கேள்வி எனக்கு இருக்கவில்லை. ‘இதைக் கற்றுக்கொள்ள முடியுமா’ என்ற கேள்வி மட்டுமே இருந்தது. இந்த இரண்டு அச்சமும் ஒன்றல்ல. பின்னதைப் பயிற்சியால் போக்கலாம். முன்னதை எந்தப் பயிற்சியாலும் போக்க முடியாது.

இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பேரலல் ரன் என்று பெயர். மூன்று மாதம் லெட்ஜரிலும் எழுத வேண்டும், இயந்திரத்திலும் ஏற்ற வேண்டும், மாலையில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரட்டை வேலை என்று திட்டாதவர்கள் இல்லை, நானும் திட்டினேன். இப்போது திரும்பிப் பார்க்கும்போது, என் 36 ஆண்டுப் பணிக்காலத்தில் மாற்றத்தைத் தாங்கும்படி ஊழியர்களுக்குச் செய்து கொடுக்கப்பட்ட ஏற்பாடுகளில் அதைவிடச் சிறந்ததை நான் பார்த்ததில்லை. இயந்திரத்தில் தவறு செய்தால் லெட்ஜர் காட்டிக்கொடுத்துவிடும். தண்டனை கிடையாது, திருத்திக்கொண்டால் போதும். அந்த மூத்த எழுத்தர் முதல் மாதம் இயந்திரத்தின் பக்கமே வரவில்லை. இரண்டாவது மாதம், மாலை ஒப்பீட்டின்போது, இயந்திரம் அச்சடித்த தாளில் ஒரு தவற்றை அவர் பென்சிலால் சுழித்தார். ஏற்றியவர் விரல் தவறி அழுத்திய எண் அது. மறுநாளிலிருந்து அந்தத் தாள்களைச் சரிபார்க்கிற வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாவது மாத முடிவில் ஃப்ளாப்பியை எப்படிப் போடுவது என்று என்னையே கேட்டார். அவருக்கு யாரும் ஊக்கவுரை ஆற்றவில்லை. அவருக்குத் தெரிந்த பழைய வித்தை புதிய ஏற்பாட்டிலும் எங்கே பயன்படுகிறது என்பதை அவரே கண்டுபிடிக்கக் கால அவகாசம் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு வேகம் கூடியது. மத்திய ஊழல் தடுப்பு ஆணையராக இருந்த விட்டல், 2001 ஜனவரி 1ஆம் தேதிக்குள் ஒவ்வொரு பொதுத்துறை வங்கியும் தன் வணிகத்தில் 70 விழுக்காட்டைக் கணினிக்குள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து, எல்லாக் கிளைகளின் கணக்குகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் கோர் பேங்கிங் வந்தது. எங்கள் வங்கியில் அது பரவிய ஆண்டுகளில்தான் நான் பயிற்றுநராக இருந்தேன். ஐந்து நாள் வகுப்பில் கணினித் திரைகளுக்கு மூன்றரை நாள். மீதி நேரம் மனப்பாங்கு பற்றியது. அந்த மனப்பாங்கு வகுப்பு என்னுடையது. மாறாதவர்கள் மறைந்து போவார்கள் என்றேன். டைனோசர் படம் காட்டினேன். ‘உங்கள் பிள்ளைகளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு, உங்களால் முடியாதா’ என்று கேட்டு, ஐம்பது வயதைத் தாண்டியவர்களை எழுந்து நின்று ‘முடியும்’ என்று சொல்ல வைத்தேன். வகுப்பின் முடிவில் அவர்கள் நிரப்பிக் கொடுக்கும் கருத்துப் படிவங்களில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான்.

அப்படி எழுந்து நின்றவர்களில் ஒருவர், முதல் வரிசையில் அமர்ந்திருந்த 56 வயது அலுவலர், ஒன்றரை ஆண்டுக்குப் பின் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். கோர் பேங்கிங்கில் எழுத்தர் பதிவு செய்வதற்கு அலுவலர் தம் கடவுச்சொல்லைக் கொண்டு ஒப்புதல் தர வேண்டும். அவருக்குத் திரைகள் பிடிபடவில்லை, கூட்டம் நெருக்கும் நேரத்தில் தட்டச்சு செய்ய விரல் ஓடவில்லை, கேட்பதற்கு வெட்கம். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பக்கத்து மேசையில் இருந்த இளைஞரிடம் கொடுத்துவிட்டார். அந்த இளைஞர், நீண்ட நாள் இயக்கப்படாத கணக்குகளிலிருந்து பணத்தை எடுத்துவிட்டார். ஒப்புதல் அத்தனையும் இவர் பெயரில். விசாரணை அலுவலரிடம் அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிற்பாடு தெரியவந்தது: ‘தெரியாது என்று சொன்னால் மாறாதவன் என்று நினைப்பார்கள் என்று பயந்தேன்.’

நான் கற்பித்தது அவருக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்திருந்தது. தெரியவில்லை என்று சொல்வதை ஒரு குணக்குறையாக நான் மாற்றியிருந்தேன். அச்சம் போகவில்லை, தாளில் எழுதப்பட்டுப் பக்கத்து மேசைக்குப் போயிருந்தது. உங்கள் கூடையில் கிழித்துப் போட்ட சீட்டுகளும் அப்படித்தான் வேறெங்காவது போய்ச் சேரும். கோளாறு தெரிந்தும் சொல்லாமல் கையெழுத்திடப்படும் சோதனை அறிக்கையாகவோ, விளங்காத ஒன்றுக்குத் தலையாட்டுகிற கூட்டமாகவோ அது வெளிப்படும்.

உங்கள் துறையில் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. அந்தச் சொல்லைப் பரப்பிய ஆய்வில் ஈடுபட்ட இருவரில் ஒருவர் உங்களைப் போன்ற மனிதவள அதிகாரிதான் என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் இருந்த ஹார்வுட் பைஜாமா தொழிற்சாலையில் லெஸ்டர் கோச் பணியாளர் மேலாளராக இருந்தார். ஜான் ஃப்ரெஞ்ச் உளவியலாளர். வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி சரிந்து பெண்கள் வேலையை விட்டுப் போவது ஏன் என்று அவர்கள் 1940களில் ஆராய்ந்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் வழக்கம்போல் மாற்றத்தை அறிவித்து, காரணத்தை விளக்கி, வேலைக்கு அனுப்பினார்கள். இன்னொரு குழு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, புதிய முறையை வகுப்பதில் அவர்களை ஈடுபடுத்தியது. மேலும் இரு குழுக்களில் எல்லோருமே அதில் பங்கேற்றார்கள். வெறும் அறிவிப்பைக் கேட்ட குழுவின் உற்பத்தி விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது. முதல் 40 நாளில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். பிரதிநிதிகள் வழியாகப் பங்கேற்ற குழு இரண்டு வாரத்தில் பழைய அளவை எட்டியது, ஒருவரும் விலகவில்லை. எல்லோரும் பங்கேற்ற குழுக்கள் அதைவிட விரைவாக எழுந்து பழைய அளவையும் தாண்டின.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களைச் சில மாதம் கழித்து மீண்டும் ஒன்று சேர்த்து, வேறொரு புதிய வேலை தந்து, இம்முறை திட்டமிடுவதில் பங்கு கொடுத்தார்கள். அதே பெண்கள் விரைவாகக் கற்றுக்கொண்டார்கள், யாரும் விலகவில்லை. எதிர்ப்பு என்று பெயரிடப்பட்டது அவர்களின் குணத்தில் இருக்கவில்லை, அவர்கள் நடத்தப்பட்ட விதத்தில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எழுபது ஆண்டுக்கு மேல் கடந்தும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு முடிவை விட்டுவிட்டோம். நானும் என் வகுப்புகளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவள்தான். ஆய்வின் முழு விவரத்தையும் பயிற்சி மையத்தின் நூலகத்தில் படித்தபோது எனக்கு அங்கே வேலை இன்னும் ஓராண்டுதான் மிச்சம் இருந்தது.

இனி துணிவு பற்றி. பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த சொல் இது. துணிந்து இறங்குபவனுக்கே வெற்றி என்று முடியும் கதைகள் அவர்களிடம் ஏராளம். துணிந்து இறங்கிக் கரையேறாதவர்களை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை என்பதால் அந்தக் கதைகள் நம் காதில் விழுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

2000ஆம் ஆண்டின் இறுதியில் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தன. 15 ஆண்டுப் பணியோ 40 வயதோ முடிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதியிருக்கும் பணிக்காலத்துக்கான சம்பளம், இவற்றில் எது குறைவோ அது கருணைத் தொகையாகக் கிடைக்கும். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் போனார்கள். அவர்களில் என் சக ஊழியர் ஒருவர். வயது 49, பணிக்காலம் 24 ஆண்டு. 1995இல் ஓய்வூதியத் திட்டம் வந்தபோது பி.எஃப். போதும் என்று இருந்துவிட்டவர். கவனமான மனிதர். எல்லாவற்றையும் சேர்த்து 10 லட்சத்தை வைப்பில் போட்டால், அப்போது புழங்கிய 10 விழுக்காட்டு வட்டியில் மாதம் 8,300க்கு மேல் வரும். மீதித் தொகையில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் இயந்திரமும் வைத்தால் குடும்பம் நடந்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையே இல்லை, நானே கூட்டிப் பார்த்தேன். மூன்றாண்டு கழித்து வைப்பைப் புதுப்பிக்கும்போது வட்டி விகிதம் ஆறுக்கு அருகில் இறங்கியிருந்தது. மாத வருமானம் 8,300இலிருந்து 5,000 ஆனது. இதற்கிடையில் 2003இல் கைப்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. பூத்துக்கு முன்னால் நின்ற வரிசை கரைந்தது.

அவர் சோம்பேறி அல்லர், கோழையும் அல்லர், நேர்மறைச் சிந்தனை இல்லாதவரும் அல்லர். ‘கடைக்கு ஆள் வருவார்களா’ என்ற ஆபத்தை மட்டுமே அவர் பார்த்தார். அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. வட்டி விகிதம் என்ற ஆபத்தை, வாழ்நாள் முழுதும் வங்கியில் இருந்தும், அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. விருப்ப ஓய்வு பற்றி எங்களுக்கு விளக்கம் தந்த கூட்டத்திலோ ‘இரண்டாவது இன்னிங்ஸ்’ பற்றித்தான் பேசினார்கள். முதலுக்கே மோசம் வருமா என்பதைக் கேட்க வைத்திருந்தால், அவர் அந்த 10 லட்சத்தை நீண்ட காலத் தவணைகளாகப் பிரித்துப் போட்டிருப்பார். அல்லது போகாமலே இருந்திருப்பார். பிற்பாடு பூத்தை மூடிவிட்டு ஒரு நெல் மண்டியில் கணக்கெழுதி மகளின் படிப்பை முடித்தார். அதையும் யாராவது வெற்றிக் கதையாகச் சொல்லக்கூடும். அவர் அப்படிச் சொல்வதில்லை.

நூறு ரூபாய் கிடைத்த மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் தொலைந்த வருத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம் என்பதைக் கானமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியலாளர்களின் ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. இதை மனிதனின் பலவீனமாகக் காட்டி, அதைக் கடந்து வரச் சொல்வது பேச்சாளர்களின் வழக்கம். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தைப் பொறுத்தவரை அது பலவீனமே இல்லை. வருமானம் ஒரு மடங்கு கூடினால் அவர்கள் இன்னும் கொஞ்சம் வசதியாக இருப்பார்கள். முழுதும் நின்றுபோனால் மூன்று மாதம் கடந்ததும் வீட்டுக் கடன் வாராக்கடனாகிவிடும். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் இத்தகைய கடன் வாராக்கடன் என்பது வங்கியின் விதி. எத்தனை ஊக்கமாக இருந்தாலும் அந்த 90 நாள் 91 ஆகாது. அச்சம் இந்த இடத்தில் ஒரு சரியான கணக்கு. அதைக் கிழிக்கச் சொல்வதைவிட, கூட்டிக் காட்டச் சொல்வதுதான் உதவி.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12,000 பேரை, விடுவிக்கப் போவதாகவும், அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, உயர் நிலைகளில் இருப்போர் என்றும் அறிவித்தது. அந்த அறிவிப்பு சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. எண்ணிக்கையும் நிலையும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டன என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன், ஏனென்றால் பல நிறுவனங்களில் அதுகூட நடப்பதில்லை. ‘ரீஸ்கில்லிங்’ (புதிய திறன் கற்பது) என்ற பெயரில் ஓர் இணைப்பை அனுப்பிவிட்டு, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் படித்துச் சான்றிதழ் வாங்கச் சொல்லி, வாங்காதவரை பி.ஐ.பி. என்னும் செயல்திறன் மேம்பாட்டுக் கெடுவில் போட்டு, முடிவில் ‘நீங்களாகவே விலகிவிட்டால் ரிலீவிங் கடிதம் நன்றாக வரும்’ என்று சொல்லும் முறைதான் பரவலாக இருக்கிறது. தானாக விலகினால் அது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது. இதை நீங்கள் அறிவீர்கள், ஊழியர் பெரும்பாலும் அறியமாட்டார். அந்த நிலையில் ‘புதிய தொடக்கம்’ என்று அவரிடம் பேசுவது வெறும் ஆறுதலாக நின்றுவிடாது. ஒரு கையெழுத்தை வாங்குவதற்கான கருவியாகிவிடும்.

சட்டம் உங்களிடம் அதிகம் எதிர்பார்க்கவும் இல்லை. வேலைமுறையை மாற்றுவதால் ஆட்குறைப்பு நேரக்கூடுமானால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இருந்தது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அத்தொகுப்பு ஒரு மறுதிறன் நிதியையும் ஏற்படுத்துகிறது: ஆட்குறைப்புக்கு உள்ளாகும் தொழிலாளி ஒருவருக்கு, அவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 15 நாளுக்கான தொகையை நிறுவனம் அதில் செலுத்த வேண்டும். 15 நாளில் ஒருவர் எந்தத் தொழிலைப் புதிதாகக் கற்றுவிடுவார் என்று சட்டம் இயற்றியவர்கள் நினைத்தார்களோ. எங்களுக்கு ஒரு லெட்ஜரை விடவே மூன்று மாதம் பிடித்தது. தவிர, மேலாளர் நிலையில் இருப்போர் இந்தப் பாதுகாப்புகளின் வரம்புக்குள்ளேயே வரமாட்டார்கள். ஆகவே சட்டத்தின் குறைந்தபட்சத்தை மட்டும் செய்துவிட்டு மீதியை ஊக்கவுரையால் நிரப்பலாம் என்று எண்ண வேண்டாம்.

நான் கேட்பது, உங்கள் நிறுவனங்களிலும் ஒரு பேரலல் ரன். எந்தப் பணி எந்த மாதத்திலிருந்து இயந்திரத்துக்குப் போகப் போகிறது என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதமாவது, பழைய வேலையின் சம்பளத்திலேயே, அலுவலக நேரத்துக்குள்ளேயே, புதிய வேலையைக் கற்க விடுங்கள்; அந்தக் காலத்தில் நேரும் தவறுகள் அப்ரைசலில் ஏறாது என்று எழுத்தில் கொடுங்கள். எந்தச் சோதனையை இயந்திரத்திடம் விடலாம், எதை விடக்கூடாது என்பதை 14 ஆண்டு சோதனை செய்தவர்களிடமே கேளுங்கள். பென்சிலால் சுழிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். இத்தனைக்குப் பிறகும் சிலருக்கு இடமில்லை என்றால், அதை நேராகச் சொல்லி, உரிய தொகையைக் கணக்கிட்டுக் காட்டி, படித்துப் பார்க்க ஒரு வாரம் தந்து, பிறகு கையெழுத்து வாங்குங்கள். செலவாகும்தான். ஆனால் அந்த அரை நாள் நிகழ்ச்சியின் மண்டப வாடகையும் பேச்சாளர் கட்டணமும்கூடச் செலவுதானே.

பேச்சாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ஒரு நிறுவனம் உங்களை அழைக்கும்போது, அடுத்த மூன்று மாதத்தில் ஆட்குறைப்பு உண்டா என்று கேட்டுவிட்டு மேடையேறுங்கள். உண்டு என்றால் அதைச் சபையில் சொல்ல அனுமதி கேளுங்கள், தராவிட்டால் போகாதீர்கள். உங்களுக்கும் அதில் ஒரு வருமானம் போகும் என்பது தெரியும். துணிந்து இறங்குவது பற்றிப் பேசுவோருக்கு இது ஒரு நல்ல தொடக்கமாக இருக்கும்.

மண்டபத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் கையிலும் இந்த மடல் போய்ச் சேரக்கூடும் என்பதால் அவர்களுக்கும் சில வார்த்தை. நிறுவனம் பேரலல் ரன் தராவிட்டால் வீட்டிலாவது நீங்கள் அதை நடத்திப் பாருங்கள். வேலை இருக்கும்போதே மூன்று மாதம், தவணையையும் பள்ளிக் கட்டணத்தையும் தவிர்த்த மற்றச் செலவுகளைப் பாதிச் சம்பளத்தில் நடத்திப் பார்த்தால், உங்களால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்ற எண் கையில் கிடைக்கும். அந்த எண் தெரிந்தபின் அச்சம் முழுதும் போகாது, ஆனால் அதற்கு ஓர் அளவு வந்துவிடும். கடையோ தொழிலோ தொடங்க எண்ணினால் வேலையை விடாமல் சிறிதாகத் தொடங்கிப் பாருங்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று உறவினர் கேலி செய்வார்கள், செய்யட்டும். கணவரிடமோ மனைவியிடமோ மறைக்காதீர்கள். வேலை போனபின்பும் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். நான்கு மாதம் கழித்துத்தான் வீட்டுக்குத் தெரிந்தது. நகையை அடகு வைத்த சீட்டு அலமாரியில் கிடைத்ததால் தெரிந்தது.

ஆயினும் அந்த மனிதர் ஒன்றைச் சரியாகச் செய்தார் என்றே நினைக்கிறேன்: காலையில் கிளம்பினார். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூரில், 1930ஐ ஒட்டி அங்கிருந்த ஒரே நூலாலை மூடப்பட்டபின் ஊர் என்ன ஆனது என்று ஆய்வாளர்கள் தங்கிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நேரம் மிகுதியாகக் கிடைத்ததே, நிறையப் படித்திருப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். ஊர் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கையோ 1929க்கும் 1931க்கும் இடையே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வேலையற்ற ஆண்கள் தெருவில் நடந்த வேகம்கூடக் குறைந்திருந்தது. வேலை என்பது சம்பளம் மட்டுமன்றி நாளுக்கு ஒரு வடிவமும் தருகிறது. அந்த வடிவம் போனால் உள்ளே இருக்கும் ஊக்கமும் வடிந்துவிடும். பெஞ்சில் இருக்கும் என் அக்காள் மகனுக்கு நான் சொன்னதெல்லாம், காலை ஒன்பதரை மணிக்கு ஒரு மேசையில் உட்கார், யாருக்காவது அன்றைய வேலையை எழுதி அனுப்பு என்பதுதான். எனக்கே அனுப்புகிறான். பாதி எனக்குப் புரிவதில்லை. புரியாததைக் கேட்கிறேன், விளக்கி எழுதுகிறான்.

அவனுடைய 35 நாளில் இன்று 22ஆம் நாள். அதற்குப் பின் தன் நிலை என்ன என்று அவன் இருமுறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். முதல் மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, மனவுறுதி பற்றிய அடுத்த இணையவழி வகுப்பின் அழைப்பு வந்திருக்கிறது. வகுப்பு 40ஆம் நாளில் நடக்கிறது. அன்றைக்கு அவன் ஊழியனாக இருப்பானா என்பதை மட்டும் அதற்கு முன்னால் அவனுக்கு எழுத்தில் தெரிவித்துவிடும்படி, அந்த அழைப்பை அனுப்பிய துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கிப் பயிற்றுநர் ஒருத்தி,
கும்பகோணம்